மல்லிகைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா

தமிழ்நிலாவின் நாட்குறிப்பு, 14.11.2025, வெள்ளி. டப்பாவின் மேல் பெயரை மட்டும் எழுதினேன். உள்ளே என்ன என்று அம்மாவிடம் சொல்லாதது என் தவறு.

மாலை வகுப்பு முடிந்து வந்த தமிழ்நிலா ஃபிரிட்ஜைத் திறந்தபடி நிற்கிறாள். மஞ்சள் வெளிச்சத்தில் மாவுச் சட்டியும் சாமிக்கு வாங்கிய மல்லிகையும் குளிர்ந்துகொண்டிருக்கின்றன. அவள் டப்பாவில் எடுத்துவைத்த மல மாதிரியை மட்டும் காணவில்லை. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், எண்டோமெட்ரியோசிஸ், அவளுக்கு நான்காம் கட்டத்தில் இருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் குடல் பாக்டீரியா மாறுகிறதா என்று பார்க்க டாக்டர் கேட்ட மாதிரி அது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பூவுக்குப் பக்கத்துல பீயவா வைப்ப? சாக்கடையில வீசிட்டேன்,” என்கிறாள் அம்மா அங்காளம்மாள். “மாசாமாசம் வர்ற சூட்டு வலிக்கு இம்புட்டு அலப்பறை ஆகாதுடி. மோரைக் குடி.” தமிழ்நிலாவின் முஷ்டி அடிவயிற்றில் அழுந்துகிறது. “பள்ளிக்கூடம் படிச்சப்ப இருந்து மோருதாம்மா குடிக்கிறேன். அந்த மோரு என் வயித்துல என்ன பண்ணுச்சுன்னு பாக்கத்தான் அந்த டப்பா!” ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்குகிறது. கதவை மூடச் சொல்ல வந்த அம்மா, மகளின் முகத்தைப் பார்த்து, தானே கதவை மூடுகிறாள்.

நாளை, சனி: ஆஸ்பத்திரியில் வேறு டப்பா வாங்க வேண்டும். அம்மாவையும் கூட்டிப் போய், ‘சூட்டு வலி’ என்று டாக்டரிடமே சொல்லவைக்க வேண்டும்.