சுவரில் ஒரே கோடு

ஜன்னல் வெயில் சமையலறைச் சுவரில் சாய்ந்து விழுகிறது. கணுக்கால் உயரத்தில் ஓர் ஈரக் கோடு அறையைச் சுற்றி ஓடுகிறது. நேற்று குழாய் வெடித்தபோது தண்ணீர் நின்ற உயரம் அது. அலமாரிக் கதவுகள் உப்பித் தொங்குகின்றன. இத்தனை செலவும் யார் தலையில் விழும் என்பது இன்று காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து பார்த்ததும் தெரிந்துவிடும். மாமியாருக்கோ கை பரபரக்கிறது. "வர்றவர் என்னடி நினைப்பாரு, குடும்பம் நடத்துற வீடா இதுன்னு?" துடைப்பத்தைத் தேடுகிறாள். மருமகள் அதை நேற்றே ஒளித்துவிட்டாள். "தண்ணியை வெளியேத்தியாச்சு, படமும் எடுத்தாச்சு. அவர் பார்க்கிற வரைக்கும் சுவர்ல கை வைக்காதீங்க அத்தை."

காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்து குந்தி உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிப் பாய்ச்சுகிறார். மாதக்கணக்கில் கசிந்த குழாய்க்கு இழப்பீடு கிடையாது. திடீரென்று வெடித்ததற்கு உண்டு. நாள்பட்ட கசிவென்றால் பழுப்பு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இங்கே இருப்பது ஒரே கோடு. "உடைஞ்ச குழாயைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" மருமகள் பத்திரப்படுத்திய துண்டை நீட்டுகிறாள். பிளவின் விளிம்பு துருவே இல்லாமல் மின்னுகிறது. அவர் தலையசைக்கிறார். "திடீர்னு வெடிச்சதுதான். இழப்பீடு கிடைச்சிடும். பல வீட்டுல நான் வர்றதுக்குள்ள கழுவி விட்டுடுறாங்க. இங்க யாரு தடுத்தது?" மாமியார் தோளை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வருகிறாள்.

"என் மருமக. என்னையே அடக்கி வச்சுட்டா, பார்த்துக்கோங்க!"