அரையில பாதி காலு

"என்ன சார் இது, பாடமா, ஏலமா?"

சடகோபன் கேட்டதும் ஹாலே சிரித்தது.

திரையில் நாகேந்திரன் வாத்தியார் பின்னங்களை நடத்திக்கொண்டிருந்தார். நடத்துவதாவது, கத்திக்கொண்டிருந்தார்.

"அரையில பாதி காஆஆலு!"

கல்வித் துறையும் ஆசிரியர்களும் சேர்ந்து ஆன்லைன் பாடம் தயாரிக்கும் திட்டம் அது. திருத்தணி பக்கத்து வீடியோக்களுக்கெல்லாம் சடகோபன்தான் தேர்வுக் குழுத் தலைவர். அவரே ஒன்பது வீடியோ எடுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் கோட்டு, பின்னணியில் புல்லாங்குழல், பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல்.

"அடிவாரத்துல நின்னுகினு மலைமேல இருக்கிற முருகனுக்கா சார் கணக்கு சொல்லித் தர்றீங்க?"

ஹாலில் உட்கார்ந்திருந்த நாகேந்திரன் எழுந்தார். "இல்லீங்க சார். நமக்கு அம்மையார்குப்பம் ஸ்கூலு. பசங்க வீட்ல பவர்லூம் ஓடிக்கினே இருக்கும். மெதுவா பேசினா கேக்காதுங்க."

"ஹெட்போன் போட்டுக்கச் சொல்லுங்க."

"வீட்டுக்கு ஒரு போனுங்க. மூணு பசங்க ஒண்ணா பாக்கறாங்க."

"அப்ப தறிய நிறுத்தச் சொல்லுங்க. படிப்பு முக்கியமா, லுங்கி முக்கியமா?"

இதற்கும் ஹால் சிரித்தது. வீடியோ தள்ளுபடி. காரணம்: 'குரலில் நாகரிகம் போதாது.'

அடுத்த வாரம் மேலிடத்து உத்தரவு வந்தது. மாணவர் வீட்டிலிருந்தே ஆன்லைன் பாடம் படிப்பதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நெசவாளர் வீடாக இருந்தால் விசேஷம்.

சடகோபன் கேமராவோடு அம்மையார்குப்பம் போனார். காஞ்சனா என்கிறவள் வீட்டில் நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுப் போனில் தன் வீடியோவை ஓட்டி, அவள் மகள் சினேகா கையில் கொடுத்தார்.

திரையில் கோட்டு அசைந்தது. வாய் திறந்தது, மூடியது. அவ்வளவுதான்.

சினேகா போனைக் காதில் வைத்தாள். குலுக்கியும் பார்த்தாள்.

காஞ்சனா எட்டிப் பார்த்து, "பாவம், இவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சா சார்?" என்று கத்தினாள்.

சடகோபன் ஏதோ பதில் சொன்னார். அதுவும் கேட்கவில்லை.

சினேகா வேறொரு வீடியோவைத் தட்டினாள்.

"அரையில பாதி காஆஆலு!"

நாலு தறியையும் மீறிக்கொண்டு வந்தது குரல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர் ஓடிவந்து ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"எங்க சாரு வாட்ஸப்புல போட்டாரு சார்!" என்றாள் சினேகா, அவருக்குக் கேட்கிற மாதிரி.

சடகோபன் ஊர் திரும்பினார். இதை மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி அனுப்பினார்.

பத்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது.

நெசவுப் பகுதிப் பிள்ளைகளுக்காக 'உரத்த குரல் கற்பித்தல்' என்னும் புதிய முறையைக் கண்டுபிடித்த திரு. சடகோபனுக்குத் துறையின் பாராட்டுகள்.

அவரிடம் அந்த முறையைக் கற்றுக்கொள்ளக் கட்டாயம் வரவேண்டிய ஆசிரியர்கள் பட்டியலில் முதல் பெயர், நாகேந்திரன்.