காலிப் பொந்துக்கு ஒரு பழம்

மழைக்காட்டில் ஒரு மரப்பொந்துக்குள் பெண் இருவாச்சி தன் குஞ்சோடு அடைந்து கிடந்தது. வாசலைப் பூசி மூடிவிட்டு, ஆண் பறவை பழம் ஊட்டுவதற்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. ஒருநாள் அந்த மரத்தடியில் சுற்றுலா வந்த ஆறு பேர் கேமராவோடு நின்றுவிட்டார்கள். அலகில் அத்திப்பழத்தோடு ஆண் இருவாச்சி தவித்தது. போனால் கூடு தெரிந்துவிடும். போகாவிட்டால் உள்ளே பட்டினி.

"இதுக்கா முழிக்கிறீங்க மாப்பிள்ளை?" என்றது பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்த சோலைமந்திக் குரங்கு. "அவங்களுக்கு வேண்டியது படம்தான். எதிர் மரத்துல காலிப் பொந்து இருக்கே, அங்க போய் ஊட்டுங்க. எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

அப்படியே நடந்தது. மறுநாள் வேறு ஆறு பேர் வந்தார்கள். காலிப் பொந்துக்கு மறுபடியும் ஒரு பழம் போயிற்று. நாளாக நாளாக, எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினால் தன் அலகின் மேலுள்ள மஞ்சள் கொம்பு வெயிலில் மின்னும் என்பது இருவாச்சிக்கு அத்துப்படியாகிவிட்டது. நல்ல சிவந்த பழமாகப் பார்த்து அங்கே கொண்டுபோனது.

கோடைமழை கொட்டிய ஒருநாள் யாரும் வரவில்லை. இருவாச்சி நேராகத் தன் கூட்டுக்கே பறந்தது. கீறலருகே அமர்ந்து, கழுத்தைத் திருப்பி, பழத்தை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் இருந்தது.

உள்ளிருந்து மனைவியின் அலகு நீண்டது.

"என்னங்க, புள்ள பசியில கத்துது. யாருக்குக் காட்டிக்கிட்டு இருக்கீங்க?"

இருவாச்சி கீழே பார்த்தது. மரத்தடியில் மழைத்தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.