பாய்லர் படுத்த நாள்

வரியை உயர்த்தி அரசுப் பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கலாமா என்று எங்கள் நார்த் டகோட்டா ஊரில் மூன்றாம் முறையாக ஓட்டெடுப்பு. முந்தைய இரண்டிலும் தோல்வி. வாக்குச்சாவடி அதே பள்ளிதான். பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை.

வெளியே பனி. கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் ஓடாததால் உள்ளேயும் விரல்கள் விறைத்தன.

"இன்னிக்குன்னு பார்த்தா பாய்லர் படுக்கணும்?" தலைமையாசிரியை இங்க்ரிட் கையைப் பிசைந்தார்.

வரியை எதிர்த்து ஊரெல்லாம் பேசிய பண்ணைக்காரர் ஆர்வில், கையுறையோடு வரிசையில் நின்றார்.

"நான் படிச்ச பள்ளிக்கூடம், அதுக்கென்ன குறைச்சல்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே," என்றார் அவர் மனைவி. "இப்ப ஏன் பல்லு தந்தியடிக்குது?"

ஆர்வில் கையுறையைக் கழற்றாமலே ஓட்டுப் போடப் போனார்.

மறுநாள் முடிவு வந்தது. ஊர் சம்மதித்துவிட்டது.

பள்ளி மறுபடி கதகதப்பாக இருந்தது. இங்க்ரிட் நேராக பாய்லர் அறைக்குப் போனார். பராமரிப்பு ஆள் டுவேன் முழங்கை வரை கரியோடு உட்கார்ந்திருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க டுவேன். நேத்து பாய்லரை என்ன பண்ணீங்க?"

"பதினோரு வருஷமா தினமும் விடியறதுக்குள்ள வந்து ரெண்டு மணி நேரம் இதோட மல்லுக்கட்டறேன் மேடம். போன ரெண்டு தடவையும் ஓட்டுப் போட வந்தவங்க இங்க வேர்க்குதுன்னு கோட்டைக் கழட்டினாங்க. அதான், நேத்து ஒருநாள் மட்டும் நான் ஒண்ணுமே பண்ணல."