தலைகீழ் மிதி

“ஏளா ரீபா, பின்னால மிதிக்காத, ரெண்டு பேரும் உருளப் போறோம்...”

“நீங்க ஆடாம உக்காருங்க, இந்த ஏத்தத்துக்கு இப்படித்தான் மிதிக்கணும்...”

சீவலப்பேரிப் பாலத்து ஏற்றத்தில் காலை வெயில் கண்ணைக் கூசுகிறது. ரீபா தானே வெல்டிங் வைத்து முடித்த சைக்கிளின் முதல் ஓட்டம் இது. கேரியரில் கணவன் ஜாஸ்பர். பாதியில் இறங்கித் தள்ள நேர்ந்தால் வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று புறப்படும்போதே சொல்லிவிட்டான். பின்சக்கரத்தில் இரண்டு பல்சக்கரங்கள், இரண்டையும் வளைத்து ஓடும் ஒரே நீளச் செயின். முன்னோக்கி மிதித்தால் வேகம். பின்னோக்கி மிதித்தாலும் வண்டி முன்னால்தான் போகும், மெதுவாக, ஆனால் இரட்டிப்புப் பலத்தோடு. அவளுடைய கால்கள் பின்னோக்கிச் சுழல்கின்றன. செயின் கடகடக்கிறது, துப்பட்டா இடுப்பில் இறுகுகிறது, மூக்கு நுனியில் வேர்வை சொட்டுகிறது. பக்கத்தில் ஊர்ந்து வரும் டவுன் பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள். “ஏ, அங்கன பாருங்க! பெடலு பின்னால சுத்துது, வண்டி மேல ஏறுது!” ஜாஸ்பர் குனிந்து செயினைப் பார்க்கிறான், நிமிர்ந்து பாலத்தைப் பார்க்கிறான். “ஏறுதுளா! நெசமாவே ஏறுது! விடாத, மிதி!” உச்சி வந்துவிடுகிறது. கீழே ஆறு தகதகக்கிறது. பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டுகிறார்கள். மறுபுறம் இறக்கம். சக்கரம் தானாக உருளத் தொடங்க, ஜாஸ்பரின் சட்டை காற்றில் உப்புகிறது. “போதும், பிரேக்கைப் பிடி!” அவன் எட்டிப் பார்த்தால், பிரேக் பிடியே இல்லாமல் ஹேண்டில்பார் மொட்டையாக மின்னுகிறது.

“ஏத்தத்துல நான் மிதிச்சாச்சு, பிரேக்கு உங்க காலுக்கடியில இருக்கு, இனி நீங்க மிதிங்க!”