நற்பண்புப் பாடம்

வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடம். தென்னோலைக் கிடுகுக் கூரையின் பொத்தல்களால் இறங்கும் வெயில் பிள்ளைகளின் தலைகளில் புள்ளி புள்ளியாக விழுகிறது. சிவக்கொழுந்து ரீச்சர் கரும்பலகையில் ‘பிறரையும் நம்மைப்போல் எண்ண வேண்டும்’ என்று எழுதிவிட்டுத் திரும்புகிறார். முன்வரிசை வாங்குப் பலகையில் பராசக்தி ஒதுங்கி இடம் விட்டுக்கொண்டு, சாதியின் பேரால் தரையில் இருத்தப்பட்டிருக்கும் செல்லியின் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

“ரீச்சர், இவளும் என்னோடை வாங்கிலை இருக்கட்டோ?”

வகுப்பு முழுவதும் ரீச்சரைப் பார்க்கிறது. செல்லி பாதி எழுந்த நிலையில், பாவாடைத் தூசியைத் தட்டியபடி நிற்கிறாள். பக்கத்து ஊரில் இப்படி ஒரு பிள்ளையை வாங்கில் இருத்தியதற்காகப் போன மாதம்தான் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள். ரீச்சரின் கண்கள் ஒருமுறை கூரைக்குப் போய் வருகின்றன. விரல்களுக்குள் சுண்ணக்கட்டி நொறுங்குகிறது.

“வேண்டாம், பராசக்தி. அவள் அங்கையே இருக்கட்டும்.”

செல்லி மறுபடி தரையில் உட்காருகிறாள். பராசக்தியின் உதடு அழுகைக்குக் கோணுகிறது. ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். தான் எழுதிய வரியை அழிக்கவும் கை எழவில்லை. முதுகுக்குப் பின்னால் செல்லி தோழியைத் தேற்றுவது கேட்கிறது.

“ரீச்சரோடை கோவியாதை. அவவுக்குப் பயம்.”

திரும்பிப் பார்க்கச் சிவக்கொழுந்துக்கு முகமில்லை.