சுடர் எங்கே?

“அந்தப் பொறுப்பாளர் நான் இல்லை,” என்று சிவாஜினி பிரெஞ்சில் சொன்னார்.

வாய்தான் அவருடையது, சொல் பக்கத்து நாற்காலியில் இருந்த பிரணவனுடையது. அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பவர் ‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்கக் கூடாது. பதில் சொல்பவரின் ‘நான்’, மொழிபெயர்ப்பவரின் வாயிலும் ‘நான்’ ஆகவே வரவேண்டும்.

இருவரும் முன்பே அறிமுகமானவர்களா என்று காலையிலேயே விசாரணை அதிகாரி வழக்கம்போலக் கேட்டிருந்தார். இல்லை என்று இருவரும் சொல்லியிருந்தார்கள்.

மொன்றியல் நகர மத்தியில், கீழே பனி அள்ளும் வண்டிகள் இரைந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தின் உயர்ந்த மாடி அது. பிரணவன் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். மனைவி கௌரியும் பள்ளி போகும் மகளும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அடைக்கலம் இல்லையென்றால் அவர்களுக்கும் இல்லை.

அரசாங்கத்தின் சட்டத்தரணி பழைய கதையை மறுபடி விரித்தார். போர்க்காலத்தில் போராளி இயக்கம் ஒரு படைமுகாமை முற்றுகையிட்டபோது, ‘சுடர்’ என்ற பெயரில் ஒருவர் சாதாரணப் போராளியாகத்தான் களத்துக்குப் போனார். வயது இருபதுகூட இல்லை. அணித்தலைவர் விழுந்தார், அணி சுடரின் கைக்கு வந்தது. அவருக்கு மேலே இருந்தவரும் விழுந்தார். முகாம் பிடிபட்ட நாளில், முன்னரங்கு முழுவதும் அந்த இளம் பொறுப்பாளரின் சொல்லுக்குத்தான் அசைந்தது.

அந்தக் கட்டளைகள் வோக்கி என்ற கைவானொலியில் வந்தன. குரல் பிரணவனுடையது என்று ஒரு சாட்சி எழுதிக் கொடுத்திருந்தார். கட்டளையிட்டவருக்கு இந்த நாட்டில் இடமில்லை.

“நான் வோக்கி தூக்கித் திரிஞ்சவன், அவ்வளவுதான்,” என்றார் பிரணவன். “சுடர் சொல்லச் சொல்ல அப்பிடியே சொன்னன். இப்ப இந்த அக்கா எனக்குச் செய்யிற மாதிரி.”

சிவாஜினி அதையும் பிரெஞ்சில் சொன்னார். விசாரணை அதிகாரி இலேசாகச் சிரித்தார். சட்டத்தரணி சிரிக்கவில்லை.

முற்றுகை நடந்த அத்தனை நாளும் குடிதண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டார். கிணறு ஒன்று இருந்தது, அதை வைத்துச் சமாளித்தோம் என்றார் பிரணவன். ‘உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது, அதை வைத்துச் சமாளித்தோம்’ என்று சிவாஜினியின் பிரெஞ்சில் வந்தது. சட்டத்தரணி குறித்துக்கொண்டார்.

சிவாஜினி தண்ணீர் குடித்தார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிரணவனின் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டேயிருந்தது.

சட்டத்தரணி கோப்புகளை மூடிவிட்டு நீளமாக ஒரு கேள்வி கேட்டார். இந்த முறை சிவாஜினி உடனே மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பிரணவனின் பக்கம் திரும்பினார்.

“சுடர் நீங்கள் இல்லையெண்டால், ஆர்? இப்ப எங்க? அதைச் சொன்னால் உங்களில இருக்கிற சந்தேகம் இண்டைக்கே தீர்ந்துபோகும்.”

பிரணவன் கதவைப் பார்த்தார். அதற்கு அப்பால்தான் மகள் இருந்தாள். கால் ஆடுவது நின்றது.

“தெரியாது.”

“எனக்குத் தெரியாது,” என்று சிவாஜினி பிரெஞ்சில் சொன்னார். கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார் அதிகாரி. சொன்னார்.

முடிவு தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பதில் உங்களுக்கு உதவாது என்று பிரணவனுடைய வழக்கறிஞர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

கௌரி மகளுக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் வாசலில் பிரணவன் தனியே நின்றார். வெளியில் கதைக்கக் கூடாது என்பது மொழிபெயர்ப்பாளருக்கு விதி. அங்கே வந்த சிவாஜினி இரண்டு தரம் பொத்தானை அழுத்தினார், லிஃப்ட் வரவில்லை.

“பிள்ளையை நினைச்சாவது சொல்லியிருக்கலாமே,” என்றார், கதவைப் பார்த்தபடி. “ஏன் சொல்லேல்லை?”

பிரணவன் குரலைத் தாழ்த்தினார்.

“எப்பிடி அக்கா சொல்லுறது, எனக்குப் பக்கத்திலதான் இருக்கிறா எண்டு?”